ஊசலைக் காத்த கதை

காலத்தை அளப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. நிழலைக் கொண்டு அளந்தான். நாழிகை வட்டிலில் நீரைக் கொண்டு அளந்தான். கண்ணாடிக் குடுவையில் மணலைக் கொண்டு அளந்தான். இவை எவற்றுக்கும் வாய்க்காத நுட்பம், பதினேழாம் நூற்றாண்டிலே, கோலொன்றின் நுனியில் கட்டிய ஒரு குண்டுக்கு வாய்த்தது. தன் பாரத்தினாலேயே இங்கும் அங்கும் ஆடும் ஊசல்தான் அது. ஏறக்குறைய 300 ஆண்டுகள் உலகின் காலக் கணக்கு ஊசலையே நம்பி நின்றது.

ஆயினும் ஊசல் மிக மென்மையான இயல்புடையது. வெப்பம் ஏறினால் அது பிந்தும். குளிர் மிகுந்தால் முந்தும். தூசு படிந்தால் அதன் துணையுறுப்புக்கள் தேயும். கப்பலில் ஏற்றினால் அலையோடு சேர்ந்து அலமரும். தன்னை ஆட்டுவிக்கும் சில்லுகளே அதன் ஒழுங்கைக் குலைப்பதும் உண்டு. ஆகவே ஊசல் மணிக்கூட்டின் வரலாறு பெரும்பாலும் ஊசலை அதன் பகைகளிலிருந்து காத்த வரலாறேயாகும்.

பைசா நகரத்துத் தேவாலயத்தில் ஆடிய விளக்கொன்றைக் கண்ட இளைஞன் கலிலியோ, தன் நாடித் துடிப்பைக் கொண்டு அதன் ஆட்டத்தை அளந்தான் என்று அவனுடைய மாணாக்கர் விவியானி எழுதிவைத்த கதை பலரும் அறிந்தது. கதை எவ்வாறாயினும், சிறு வீச்சில் ஆடும் ஊசலொன்று ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் அதன் நீளத்தையே பெரிதும் பொறுத்தது என்னும் உண்மையைக் கலிலியோ உணர்ந்திருந்தார். 1641ஆம் ஆண்டிலே, பார்வை இழந்த முதுமையில், ஊசலால் இயங்கும் மணிக்கூடு ஒன்றின் அமைப்பைத் தம் மகன் வின்சென்சியோவுக்கு அவர் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். மகனும் அதனைச் செய்து முடிக்காமலே 1649இல் இறந்தார்.

தந்தையும் மகனும் முடிக்காத பணியை முடித்தவர் ஒல்லாந்து தேசத்து அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். 1656ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தம் ஊசல் மணிக்கூட்டை வகுத்தார். ஹேக் நகரத்து மணிக்கூட்டுக் கம்மியர் சலோமன் கொஸ்ரர் அடுத்த ஆண்டிலே அதனைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். அதற்கு முன்னிருந்த மணிக்கூடுகள் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிழைப்பது வழக்கம். ஊசல் பூட்டியபின் அப்பிழை சுமார் 15 செக்கனாகக் குறைந்தது. ஒரே படியில் இத்துணை முன்னேற்றம் கண்ட அளவு கருவிகள் மிகச் சிலவே.

மணிக்கூட்டின் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனையும் ஹைகன்ஸின் மணிக்கூட்டிலேயே தொடங்கிவிட்டது. தொங்கும் பாரம் சில்லுகளைச் சுழற்ற முயல்கிறது. அச்சுழற்சியை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் உறுப்பொன்று ஊசலுக்கும் சில்லுகளுக்கும் இடையே நிற்கிறது. இதனை விடுவிப்புப் பொறி எனலாம். “டிக், டிக்” என்று காதில் விழும் ஒலி அதனுடையதே. பழைய விடுவிப்புப் பொறிக்கு ஊசல் மிக அகலமாக ஆடவேண்டியிருந்தது. அகல ஆடும் ஊசலோ காலம் தவறும். 1670ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்திலே நங்கூர வடிவான புதிய விடுவிப்புப் பொறி தோன்றியது. அதனை றொபேட் ஹூக் கண்டார் என்பாரும், வில்லியம் கிளெமன்ற் கண்டார் என்பாரும் உளர். அதனால் ஊசலின் வீச்சு சில பாகைகளாகச் சுருங்கியது. சுருங்கவே, ஓர் ஆட்டுக்கு ஒரு செக்கன் எடுக்கும் நீண்ட ஊசலை ஒடுங்கிய மரப்பேழைக்குள் அடக்க இயன்றது. அந்த ஊசலின் நீளம் 39 அங்குலத்துக்குச் சிறிது கூட. ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பெட்டி மணிக்கூடு இவ்வாறு பிறந்தது. அப்பெட்டி அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. காற்று, தூசு, வீட்டுச் சிறுவரின் விரல்கள் என்பவற்றிலிருந்து ஊசலைக் காக்கும் அரணும் அதுவே.

நாளொன்றுக்கு 86,400 முறை ஆடும் ஊசல், ஆண்டொன்றுக்கு 3 கோடியே 15 இலட்சம் முறைக்கு மேல் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நேரும் அணுவளவு பிழையும் நாளடைவில் பெருகிவிடும். ஊசல் ஒரு மில்லிமீற்றர் நீண்டால் நாளொன்றுக்கு 43 செக்கன் பிந்தும். 1672ஆம் ஆண்டிலே தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயேன் தீவுக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் சான் றிஷே, பாரிசிலே சரியாக ஓடிய ஊசல் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 2½ நிமிடம் பிந்தக் கண்டார். ஊசலைச் சிறிது குறுக்கிய பின்னரே கணக்குச் சரிவந்தது. நிலநடுக்கோட்டை அணுகும்போது பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவதே இதன் காரணம். பூமி துருவங்களிலே தட்டையானது என்னும் கொள்கைக்கு இது சான்றாயிற்று. ஒரு கருவியின் தவறு உலகத்தின் வடிவத்தையே காட்டிக் கொடுத்தது.

ஈர்ப்பின் வேறுபாட்டுக்கு மருந்து ஊசலின் நீளத்தை மாற்றுவதே. வெப்பத்துக்கோ அவ்வளவு எளிதான மருந்து இல்லை. அது நாள்தோறும் ஏறி இறங்குவது. உருக்குக் கோலில் தொங்கும் ஊசல், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏற, நாளொன்றுக்கு அரைச் செக்கன் பிந்துகிறது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே 20 பாகை வேறுபாடு இருக்குமாயின் நாட்பிழை 10 செக்கன். வீட்டுக்கு அது பொருட்டன்று. விண்மீன் ஒன்று உச்சியைக் கடக்கும் கணத்தைக் குறிக்க முயலும் வானியலாளருக்கோ அது தாங்கொணாத பிழை.

இந்நோய்க்கு இருவர் இருவேறு மருந்து கண்டனர். இலண்டன் மாநகரத்துக் கம்மியர் ஜோர்ஜ் கிரகாம், ஊசற் குண்டுக்குப் பதிலாக இரசம் நிறைந்த கண்ணாடிச் சாடியைத் தொங்கவிட்டார். வெப்பத்தில் கோல் கீழ்நோக்கி நீளும். சாடியிலுள்ள இரசமோ விரிந்து மேல்நோக்கி உயரும். ஒன்றின் தாழ்வை மற்றதன் உயர்வு சரிக்கட்டும். 1721இல் அவர் இதனைச் சோதிக்கத் தொடங்கி, 1726இல் அறிஞருலகுக்கு அறிவித்தார். மற்றவர் ஜோன் ஹரிசன். தச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தாமும் தச்சராகவே வாழ்ந்தவர். பித்தளைக் கோல்களையும் உருக்குக் கோல்களையும் ஒன்றுவிட்டொன்றாக வரிசைப்படுத்தி, உருக்கு கீழே நீளும் அளவைப் பித்தளை மேலே தள்ளி ஈடுசெய்யுமாறு அவர் அமைத்தார். ஒன்பது கோல்கள் நிரையாய் நிற்கும் அவ்வூசல் சன்னற் கம்பிகள் போலத் தோற்றும்.

ஹரிசன் வேறொரு பகையையும் வென்றார். அதுதான் எண்ணெய். அக்கால எண்ணெய்கள் விலங்குக் கொழுப்பிலிருந்தோ வித்துக்களிலிருந்தோ எடுக்கப்பட்டவை. சில மாதங்களிலே அவை தடித்துப் பிசினாகும். அதில் தூசு சேர்ந்தால் அரத்தூள் கலந்த குழம்பாகும். அச்சை வழுக்க வைக்க இட்ட எண்ணெயே அச்சை அராவும். மெல்லிய பித்தளையிற் பதிந்த தூசு, வலிய உருக்கு அச்சையும் தேய்த்துவிடும். எண்ணெய் தேவைப்படாத மணிக்கூடு ஒன்றைச் செய்தால் என்ன என்று ஹரிசன் எண்ணினார். தன்னகத்தே மெழுகுத் தன்மையுள்ள, இரும்பு போன்ற வலிய மரமொன்று மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வருவதுண்டு. அம்மரத்தாலே அச்சுத் தாங்கிகளைச் செய்தார். லிங்கன்சயரிலே புறொக்கில்ஸ்பி மாளிகையின் குதிரை இலாயத்தின் மேல் 1722ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த கோபுர மணிக்கூடு மூன்று நூற்றாண்டு கழிந்தும் ஓடுகிறது.

கிரகாமும் ஹரிசனும் ஒரே தொழிலிற் போட்டியாளராய் இருந்திருக்க வேண்டியவர்கள். ஆயினும், கடற்பயண மணிக்கூடு செய்யும் எண்ணத்தோடு ஹரிசன் இலண்டனுக்கு வந்து கிரகாமைக் கண்டபோது, கிரகாம் அவருக்கு வட்டியின்றிப் பணம் கொடுத்து உதவினார். அவ்வுதவி வீண்போகவில்லை. ஊசல் கடலுக்கு ஏற்றதன்று எனக் கண்ட ஹரிசன், சுருள்வில்லால் இயங்கும் கப்பற் கடிகாரத்தை நாளடைவில் உலகுக்கு அளித்தார். ஊசலோ தரையிலே தன் ஆட்சியை நிலைநாட்டியது.

தரையிலும் அதற்கு ஒரு பெருஞ்சோதனை காத்திருந்தது. வீட்டுக்குள்ளும் வானாய்வுக் கூடத்துள்ளும் ஊசலைக் காப்பது எளிது. வெட்டவெளியிலே, உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலே காப்பது எவ்வாறு? கோபுர மணிக்கூட்டின் முட்கள் வெளியே நிற்பவை. காற்று அவற்றைத் தள்ளும். மழையும் பனியும் அவற்றின்மேற் படியும். பறவைகள் வந்து அமரும். முள்ளின் மேல் விழும் ஒவ்வோர் உதையும் சில்லுகளின் வழியே ஊசலைச் சென்று தாக்கும்.

1834ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் இலண்டன் வெஸ்மின்ஸ்ரர் மாளிகை தீக்கிரையாயிற்று. புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு மாபெரும் மணிக்கூடு ஒன்று வேண்டுமென முடிவாயிற்று. 1846இல் அரச வானியலாளர் ஜோர்ஜ் ஏரி அதற்குரிய நிபந்தனைகளை வகுத்தார். ஒவ்வொரு மணியின் முதல் அடியும் ஒரு செக்கனுக்குள் சரியாக விழவேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. கம்மியர் பலர் இஃது இயலாத காரியம் என்றனர். ஏரி தம் நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

அவருக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர் எட்மண்ட் பெக்கற் டெனிசன். தொழிலால் அவர் வழக்கறிஞர். விருப்பத்தால் மணிக்கூட்டு வல்லுநர். எவரோடும் வாதாடத் தயங்காதவர். அவர் வகுத்த அமைப்பின்படி மணிக்கூட்டைச் செய்யும் பொறுப்பு 1852இல் எட்வேட் ஜோன் டென்ற் என்பாருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அவர் இறக்க, அவருடைய மனைவியின் முதல் தாரத்து மகன் பிரெடரிக் 1854இல் வேலையை முடித்தார். கொழும்புக் கோட்டையில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முதலில் வாய்த்த மணிக்கூடும் டென்ற் என்னும் அப்பெயரையே தாங்கியது.

மணிக்கூடு முடிந்தும் இலண்டன் கோபுரம் முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் அப்பொறி பட்டறையிலேயே கிடந்தது. அத்தாமதம் நன்மையாகவே முடிந்தது. டெனிசன் அதனை ஓடவிட்டுச் சோதித்துச் சோதித்து, தாம் கண்ட புதிய விடுவிப்புப் பொறியை அதிற் பொருத்தினார். ஏனைய மணிக்கூடுகளிலே சில்லுகளே ஊசலை நேராகத் தள்ளும். ஆகவே சில்லுகளின் விசை கூடினாலும் குறைந்தாலும் ஊசல் அதனை உணரும். டெனிசன் சில்லுகளுக்கும் ஊசலுக்கும் இடையே இரு சிறு கைகளை வைத்தார். சில்லுகளின் வேலை அக்கைகளைக் குறித்த உயரத்துக்குத் தூக்கிவிடுவது மாத்திரமே. தூக்கப்பட்ட கை தன் பாரத்தினாலே கீழிறங்கும்போது ஊசலை மெல்லத் தள்ளும். புயற்காற்று முள்ளை உந்தினாலும் எதிர்த்தாலும், கையின் பாரமும் அது விழும் உயரமும் மாறா. ஆகவே ஊசலுக்குக் கிடைக்கும் தள்ளுதலும் மாறாது. வெளியுலகத்துக் கொந்தளிப்பு ஊசலின் வாயிலோடு நின்றுவிடும்.

ஊசலும் அதற்கேற்ற பெருமை உடையது. அதன் நிறை 310 கிலோகிராம். பழைய கணக்கிலே ஏறக்குறைய 6 அந்தர். ஓர் ஆட்டுக்கு 2 செக்கன் எடுக்கும். வெப்பத்தை ஈடுசெய்ய நாகக் குழாயும் உருக்குக் குழாயும் ஒன்றனுள் ஒன்றாக அதில் அமைந்துள்ளன. காற்றுப் புகாத அறையொன்றிலே, பொறிக்குக் கீழே, அது தொங்குகிறது. அதனைத் திருத்தும் முறையோ மிக எளிது. ஊசலின் மேலுள்ள தட்டில் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைத்தால் பாரத்தின் மையம் சிறிது உயர்ந்து, மணிக்கூடு நாளொன்றுக்கு ஒரு செக்கனில் ஐந்தில் இரு பங்கு விரையும். எடுத்தால் அவ்வளவே தாமதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஊசலை நிறுத்தவோ தொடவோ வேண்டியதில்லை.

1859ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் அம்மணிக்கூடு ஓடத் தொடங்கியது. ஏரி கேட்ட ஒரு செக்கன் நுட்பத்தை அது எய்தியது. 1923ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவிலே, பிக் பென் எனப்படும் அதன் பெருமணியோசை முதன்முறையாக வானொலியில் ஒலித்தது. 1932இல் பேரரசு ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், கடல் கடந்த நாடுகளிலும் மக்கள் அவ்வோசையைக் கேட்டுத் தம் வீட்டு மணிக்கூட்டைத் திருத்தினர்.

பெரும்பகைகள் அதனை நெருங்கின. 1949ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மைனா இனத்துச் சிறு பறவைகள் கூட்டமாக நிமிட முள்ளின்மேல் அமர்ந்து, மணிக்கூட்டை 4½ நிமிடம் பிந்தச் செய்தன. 1960களின் தொடக்கத்திலே ஒரு புத்தாண்டு இரவில் முட்களின்மேற் பனி உறைந்தது. புத்தாண்டு மணி ஏறத்தாழ 10 நிமிடம் தாமதித்து ஒலித்தது. இவ்விரு நிகழ்ச்சியும் நகைப்புக்கு உரியன போலத் தோன்றும். உண்மையில் அவை காவல் செவ்வனே இயங்கியதற்குச் சான்றுகள். முள் பிந்தியது, பொறி உடையவில்லை.

இதற்கிடையே ஊசலைக் காக்கும் கலை வேறிடங்களிலே உச்சியை அடைந்தது. வெப்பத்தில் நீளாத உலோகம் ஒன்றைச் சாள் கியோம் என்பார் 1896இல் கண்டார். இரும்போடு 36 விழுக்காடு நிக்கல் சேர்ந்த அவ்வுலோகத்துக்கு ‘இன்வார்’ என்று பெயர். இப்பணிக்காக 1920ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. புகையிரதப் பகுதிப் பொறியியலாளரான வில்லியம் ஷோற், 1921இல் எடின்பரோ வானாய்வுக் கூடத்திலே நிறுவிய மணிக்கூட்டில் இரண்டு ஊசல்கள் இருந்தன. ஒன்று அரசன், மற்றது ஏவலாள். முள்ளை நகர்த்துதல் முதலிய எல்லா வேலையும் ஏவல் ஊசலுக்கே. காற்றகற்றிய செப்பு உருளைக்குள் இன்வார்க் கோலில் தொங்கும் அரச ஊசலோ ஆடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய தள்ளுதலொன்று அதற்குக் கிடைக்கும். ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய ஒரு செக்கனே அது பிழைத்தது. 1927இல் படிக மணிக்கூடு தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஊசலின் ஆட்சியை முடித்தது. ஆயினும் ஊசல் முடிதுறந்தது தன் நிறைவான நிலையிலேயாம்.

வீடுகளிலே வழிவழியாக ஓடும் சுவர் மணிக்கூட்டைக் காக்கும் முறைகளும் இப்பெருங்கதையின் சிறு படிகளே. ஊசலைத் தாங்குவது தாள் போன்ற மெல்லிய உருக்குத் தகடு. ஊசலைக் கழற்றாமல் மணிக்கூட்டை இடம் பெயர்த்தால், ஊசல் கட்டின்றி அலைந்து அத்தகட்டை மடக்கிவிடும். ஒருமுறை மடங்கிய தகடு பின்னர் நேராக ஆடாது. ஆகவே, முதலில் ஊசலைக் கழற்றுவதே அறிந்தோர் வழக்கம். மணியடிக்கும் மணிக்கூட்டின் முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதும் தீது. உள்ளேயுள்ள நெம்புகள் வளையவும், முள் காட்டுவதும் மணி அடிப்பதும் ஒவ்வாமற் போகவும் கூடும். எண்ணெயைச் சொரிவதிலும் தீமையே மிகுதி. அழுக்கைக் கழுவாது மேலும் எண்ணெய் இடுவது அச்சுக்கு அரம் கொடுப்பதாகும். மணிக்கூடு நேராக நில்லாவிடின் அதன் “டிக், டிக்” ஒலி நொண்டும். ஒலி சமமாகும்வரை பேழையைச் சிறிது சாய்த்து நிறுத்தினாற் போதும்.

வெஸ்மின்ஸ்ரரின் கதை இன்னும் முடியவில்லை. 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், வைகறை மூன்றே முக்கால் மணியளவிலே, கோபுரத்துள் பேரோசை எழுந்தது. கால்மணி ஒலிகளை அடிக்கும் சில்லுத் தொகுதி அளவுக்கு மீறி விரையாதவாறு தடுக்க, அங்கே காற்றாடி போன்ற தடையொன்று உண்டு. அதனைத் தாங்கிய தண்டு ஒடிந்தது. தடை நீங்கவே, ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் கட்டுக்கடங்காது சுரங்க வழியே கீழிறங்கிற்று. பெருஞ்சுருளை வெறிகொண்டு சுழன்று சிதறியது. வார்ப்பிரும்புச் சட்டம் உடைந்தது. துண்டங்கள் அறையெங்கும் பறந்தன. யாவரும் உறங்கிய நேரமாதலால் உயிர்ச்சேதம் நேரவில்லை. 1977ஆம் ஆண்டு மே மாதத்திலேயே மணிக்கூடு முழுமையாக மீண்டும் இயங்கியது.

அறிஞர் ஆராய்ந்து கண்ட காரணம் உலோகக் களைப்பு. 117 ஆண்டுகள் இடையறாது முறுக்குண்ட தண்டினுள்ளே மயிரிழை போன்ற வெடிப்பொன்று புறத்தே தோன்றாமல் வளர்ந்திருந்தது. ஊசலை எல்லோரும் காத்தனர். காற்றிலிருந்து காத்தனர், வெப்பத்திலிருந்து காத்தனர், நாணயங்களை வைத்தும் எடுத்தும் அதன் நலத்தை நாள்தோறும் பார்த்தனர். முரட்டு உறுப்பென்று கருதிய தண்டை ஒருவரும் ஐயுறவில்லை. மென்மையானதென்று அறியப்பட்டது பிழைத்தது. வலியதென்று நம்பப்பட்டது முறிந்தது.

அப்பாடம் மறக்கப்படவில்லை. 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பெருமணியின் ஓசை நிறுத்தப்பட்டு, மணிக்கூடு முதன்முறையாக முழுவதும் கழற்றப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புக்கள் இலண்டனுக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்து ஆராயப்பட்டன. ஊசலுக்குக் காட்டிய கவனம் சிறு திருகாணிக்கும் காட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் பெருமணி மீண்டும் ஒழுங்காக ஒலிக்கத் தொடங்கியது. அணுக்களின் அதிர்வைக் கொண்டு காலத்தை அளக்கும் இந்நாளிலும், அக்கோபுரத்தின் மேலே வாரத்துக்கு மூன்று முறை மனிதர் ஏறிச் சென்று கையாலேயே பாரத்தை உயர்த்துகின்றனர். கீழே, காற்றுப் புகாத அறையினுள், ஆறு அந்தர் ஊசல் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை ஆடிக்கொண்டிருக்கிறது.